பிளாஸ்டிக்கிலிருந்து எண்ணெய்: கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி இதுதான்: "ஒரு கிலோ பிளாஸ்டிக் குப்பையைச் சூடாக்கினால் ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கிறது என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். குப்பை இலவசம், எண்ணெய்க்கோ விலை உண்டு. அப்படியானால் ஏன் எல்லா இடத்திலும் இதைச் செய்யவில்லை? எண்ணெய் கம்பெனிகள் தடுக்கின்றனவா?"

யாரும் தடுக்கவில்லை. சொல்லப்போனால் பெரிய எண்ணெய் நிறுவனங்களே இதில் இறங்கிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியிருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த "கிலோவுக்கு ஒரு லிட்டர்" கணக்கைப் பார்த்துவிடலாம். அது பொய் இல்லை என்பதுதான் இதில் வம்பே.

பைகளும் மூடிகளும் செய்யும் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் இரண்டும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட நீண்ட சங்கிலிகள். காற்று புகாத கலனில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் சங்கிலி துண்டு துண்டாக அறுந்துபோகும். குட்டையான துண்டு வாயுவாக வரும், நடுத்தரமானது பெட்ரோல், டீசல் போன்ற திரவமாக வரும், நீளமானது மெழுகாக வரும். இதற்குப் பெயர் பைரோலிசிஸ். வருகிற ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் எண்ணெய். அதன் எடை லிட்டருக்கு 0.8 கிலோவை ஒட்டி இருக்கும். ஆகவே சுத்தமான ஒரு கிலோ பாலிபுரொப்பிலீன் மூடிகளைப் போட்டு 800 கிராம் திரவம் பிடித்துவிட்டால், அளவுக்குடுவையில் அது ஒரு லிட்டர் கோட்டைத் தொடும். காணொளியில் பார்ப்பது இதைத்தான். கழுவி, காயவைத்து, ஒரே இனமாகப் பொறுக்கியெடுத்த பிளாஸ்டிக்.

இதோடு கூடவே வருகிற ஒரு சந்தேகம், "சூடாக்கவே அதைவிட அதிக எரிபொருள் செலவாகாதா?" என்பது. ஆகாது. ஒரு கிலோ பாலிஎத்திலீனுக்குள் 43 மெகாஜூலுக்கும் மேல் ஆற்றல் இருக்கிறது. அதைச் சூடாக்கி, உருக்கி, உடைக்கத் தேவைப்படுவது ஏறக்குறைய 2 மெகாஜூல். திரவமாகாமல் தப்பும் வாயுவை எரித்தாலே உலைக்கு வேண்டிய சூடு கிடைத்துவிடும். ஆற்றல் கணக்கில் இந்தத் தொழில் சுலபமாகத் தேறிவிடுகிறது. காசுக் கணக்கில்தான் சிக்கல்.

சரி, காணொளியை விட்டுவிட்டு உண்மையான ஒரு டன் குப்பையை எடுத்துக்கொள்வோம். வீடுகளிலிருந்து வரும் பைகள், உறைகள், டப்பாக்கள், பாட்டில்கள். ஆலை வாசலில் எடைமேடையில் ஏறும்போது அது 1,000 கிலோ. அதில் 150 கிலோ தண்ணீர், மண், சோற்றுப் பிசுக்கு, காகித லேபிள் என்று வைப்போம். மெல்லிய பைகள் அதிகமானால் இந்த 150 இன்னும் கூடும், ஏனென்றால் பையின் எடையே சில கிராம்தான், அதில் ஒட்டியிருக்கும் அழுக்கும் ஈரமும் அதற்குச் சமமாக வந்துவிடும். இன்னொரு 150 கிலோ உலைக்குள் போகக்கூடாத பிளாஸ்டிக். மிச்சம் 700 கிலோ. அதில் முக்கால் பங்கு எண்ணெயானால் 525 கிலோ, அதாவது சுமார் 650 லிட்டர். பீப்பாய்க்கு 159 லிட்டர் என்ற கணக்கில் 4 பீப்பாய் சொச்சம். மீதி வாயுவும் கரிக்கசடும்.

கச்சா எண்ணெய் பீப்பாய் 70 டாலர் என்றால் இது 290 டாலர் போல வரும். ஆனால் இந்த எண்ணெய்க்குக் கச்சா விலை முழுசாகக் கிடைக்காது. முக்கால் விலை கிடைத்தால் கையில் 215 டாலர். எடுத்துவந்த வண்டி வாடகை, பிரித்த ஆட்களின் கூலி, அரைத்தது, கழுவியது, உலர்த்தியது, உலையின் பராமரிப்பு, கடனுக்கு வட்டி, கழித்துக்கட்டிய 300 கிலோவை மறுபடி குப்பைக் கிடங்குக்கு அனுப்பும் செலவு, எல்லாம் இந்த 215 டாலருக்குள் அடங்க வேண்டும். விகிதங்கள் நான் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை. உங்கள் குப்பைக்கு ஏற்ப மாற்றிப் போட்டுப் பாருங்கள். எப்படிப் போட்டாலும் "குப்பை இலவசம்" என்ற முதல் வரிதான் முதலில் அடிபடும். குப்பை கிடப்பது இலவசம். ஓரிடத்தில், ஒரே இனமாக, காய்ந்து, அரைபட்டு நிற்கும் குப்பை இலவசமே இல்லை.

ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை, பலரும் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2.5 மெகாஜூல் வேண்டும். ஒரு கிலோ பிளாஸ்டிக்கை உடைப்பதைவிட இது அதிகம். நனைந்த பைகளைப் போடுகிறவர் பிளாஸ்டிக்குக்குச் செலவிடும் சூட்டில் ஒரு பெரும் பங்கைத் தண்ணீர் கொதிக்கவைக்கத் தனியாகக் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு, அந்த நீராவியைக் குளிரவைக்கவும், எண்ணெயிலிருந்து பிரிக்கவும், கெட்டுப்போன அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கவும் இன்னொரு செலவு.

உள்ளே போகக்கூடாத பிளாஸ்டிக் என்றேனே, அதில் பெரிய வில்லன் பிவிசி. அதன் எடையில் 57 சதவீதம் குளோரின். சூடேறும்போது 300 டிகிரியைத் தொடுமுன்பே ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி உலையின் எஃகையும் குழாயையும் அரிக்கத் தொடங்கும். கொஞ்சம் எண்ணெயிலும் தங்கும். நூறு கிலோ குப்பையில் ஒரு கிலோ பிவிசி நுழைந்தால், உள்ளே போன குளோரின் பத்து லட்சத்தில் 5,700 பங்கு. இந்த எண்ணெயை வாங்கிப் புதுப் பிளாஸ்டிக் செய்ய நினைக்கும் ரசாயன ஆலை கேட்பது பத்து லட்சத்தில் 10 பங்குக்கும் கீழே. ஐநூறு மடங்கு வித்தியாசத்தை எங்கேயாவது யாராவது காசு கொடுத்துத்தான் நீக்க வேண்டும். பெட் பாட்டில் வேறு விதத் தொல்லை. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன். எண்ணெய் கம்மியாகத்தான் வரும், அதோடு டெரிப்தாலிக் அமிலம் ஆவியாக எழுந்து, குளிர்ந்த குழாயில் வெள்ளைப் பொடியாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். பாலிஎத்திலீன் மட்டும் யோக்கியமா என்றால், அதிலும் மெழுகு வரும். குளிர்விப்பான் அதிகம் குளிர்ந்துவிட்டால் குழாய்க்குள் மெழுகுவர்த்தி வார்த்தது போல உறைந்து நிற்கும். அடைத்தால் நிறுத்து, ஆறவை, திற, சுரண்டு, மூடு, மறுபடி சூடேற்று. ஒரு நாள் போச்சு. இந்தத் தொழிலில் "ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் டன் திறன்" என்று பலகையில் எழுதுவதற்கும், நிஜத்தில் ஓடியதற்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் பெரும்பாலான முதலீடு விழுந்திருக்கிறது.

அப்புறம் அந்த எண்ணெய். புதிதாக இறக்கியதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வைத்தால் முதல் நாள் தேன் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். சில வாரங்களில் கறுக்கும், அடியில் பிசின் போல ஒன்று திரளும். சங்கிலி அறுந்த இடங்களில் இரட்டைப் பிணைப்புகள் உருவாகியிருக்கின்றன. அவை காற்றோடும் தங்களுக்குள்ளும் மறுபடி கோத்துக்கொள்கின்றன. அதை நிறுத்த ஹைட்ரஜன் ஏற்ற வேண்டும். அதற்கு ஹைட்ரஜன், அழுத்தக் கலன், வினையூக்கி எல்லாம் வேண்டும், அவை சிறிய ஆலைக்குக் கட்டுப்படியாகாது. காணொளியில் அதை நேரே வண்டியில் ஊற்றி ஓட்டிக் காட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். டீசல் 50 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விட வேண்டும் என்பது ஐரோப்பா, அமெரிக்கா போன்ற இடங்களின் தர விதி. பிரித்தெடுக்காத இந்த எண்ணெயில் பெட்ரோல் போன்ற இலேசான பகுதியும் கலந்திருப்பதால் அது சாதாரண அறை வெப்பத்திலேயே பற்றும். டீசல் பீப்பாய் என்று நினைத்துப் பக்கத்தில் வெல்டிங் செய்கிறவர் கதி என்ன ஆகும்?

எனவே வாங்குபவர் என்ன செய்வார்? உலை எரிக்கும் மட்டமான எண்ணெயாக வாங்கினால் மட்டமான விலை. சுத்திகரிப்பு ஆலை வாங்கினால், தன் கச்சாவோடு சில சதவீதம் கலந்து நீர்த்துவிட்டுப் போகலாம், ஆனால் அதற்கேற்ற தள்ளுபடி கேட்கும்.

இனி எண்ணெய் விலை. இந்த ஆலை 15, 20 ஆண்டு ஓடினால்தான் போட்ட பணம் திரும்பும். அந்தக் காலத்தில் எண்ணெய் விலை என்னவெல்லாம் செய்யும் என்று பாருங்கள். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலர், அதே ஆண்டு முடிவதற்குள் 40-க்கும் கீழே. 2014 நடுவில் 100-க்கு மேல், 2016 ஜனவரியில் 30-க்கும் கீழே. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எதிர்கால ஒப்பந்தச் சந்தையில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போய், மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. விலை ஏறும் ஒவ்வொரு முறையும் புதிய பிளாஸ்டிக் எண்ணெய் கம்பெனிகள் முளைக்கின்றன. ஆலை கட்டி முடிக்க மூன்று நான்கு வருடம். முடிக்கும்போது விலை இறங்கியிருக்கும். ஆலையின் செலவோ எண்ணெய் விலையோடு சேர்ந்து இறங்காது; பிரிப்பவர் கூலியும் வட்டியும் அப்படியே நிற்கும்.

இதைத் தாங்கி நிற்க ஒரே வழிதான் இதுவரை வேலை செய்திருக்கிறது. குப்பையை எடுத்துக்கொள்வதற்கே ஆலைக்குக் கூலி கிடைக்க வேண்டும். டன்னுக்கு 50 டாலர் கூலி என்றால், டன்னுக்கு 4 பீப்பாய் என்ற நம் கணக்கில், அது பீப்பாய்க்கு 12 டாலர் கூடுதலாகக் கிடைப்பதற்குச் சமம், அதுவும் எண்ணெய் விலை எப்படிப் போனாலும். அதே குப்பையை 50 டாலர் கொடுத்து வாங்க வேண்டி வந்தால், நிலைமை பீப்பாய்க்கு 24, 25 டாலர் அளவுக்குத் தலைகீழாகிறது. நான் இந்தத் தொழிலைப் பார்ப்பதே இப்படித்தான்: இது குப்பை எடுக்கும் தொழில், பக்கத்தில் கொஞ்சம் எண்ணெயும் விற்கிறது. எண்ணெய்த் தொழில் என்று நினைத்து இறங்கினவர்கள்தான் பெரும்பாலும் மூடிவிட்டுப் போனவர்கள்.

வரலாறும் இதையே காட்டுகிறது. ஜெர்மனியில் 1991-ல் பொட்டலச் சட்டம் வந்து, உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளர் தலையில் விழுந்தது. பிஏஎஸ்எஃப் (BASF) என்ற ரசாயன நிறுவனம் 1994-ல் லூட்விக்ஸ்ஹாஃபனில் ஆண்டுக்கு 15,000 டன் கொள்ளும் முன்னோட்ட ஆலை அமைத்தது. ஆலை ஓடியது, தொழில்நுட்பம் பலித்தது. ஆனால் பெரிய ஆலை கட்டும் அளவுக்கு நீண்ட காலத்துக்கான குப்பை அளவும் கூலியும் உறுதியாகாததால் 1996-ல் மூடினார்கள். ஜப்பானில் சப்போரோ நகரில் 2000-ல் ஒரு ஆலை தொடங்கியது, ஆண்டுக்குச் சுமார் 15,000 டன். குளோரினைத் தனியே நீக்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. அதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது தொழில்நுட்பத்தில் தோற்கவில்லை. அங்கே எடுத்துக்கொள்ளும் கூலி ஏலத்தில் முடிவாகும். குறைந்த கூலி கேட்பவருக்குக் குப்பை. எஃகு ஆலைகள் வந்தன. நிலக்கரியைச் சுட்டு எஃகு உலைக்கான கோக் கரியாக்கும் அடுப்பு அவர்களிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதில் நிலக்கரியோடு ஒரு சதவீதம் போல பிளாஸ்டிக்கைக் கலந்து போட்டால் போதும். எண்ணெயும் வாயுவும் கரியும் அதுவே பிரித்துக் கொடுத்துவிடும். புதிதாக உலை கட்டியவர், கட்டி முடித்து எப்போதோ கடன் அடைத்த உலையோடு ஏலத்தில் மோதினார். பத்து வருடம் போல தாக்குப்பிடித்துவிட்டு மூடியது.

அண்மைக் கதைகளும் அதே ரகம். ஷெல் நிறுவனம் 2025-க்குள் ஆண்டுக்கு 10 லட்சம் டன் பிளாஸ்டிக் கழிவைத் தன் ரசாயன ஆலைகளில் பயன்படுத்துவதாக 2019-ல் அறிவித்தது. 2024-ல் அது நடக்கிற காரியமில்லை என்று ஒப்புக்கொண்டது. சொன்ன காரணங்களில் ஒன்று, தகுந்த குப்பை கிடைக்கவில்லை என்பது. குப்பை மலைகள் மத்தியில் குப்பை கிடைக்கவில்லை என்றால் சிரிப்பு வரும், ஆனால் மேலே பார்த்த எடைமேடைக் கணக்கை நினைத்தால் அதில் வியப்பில்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஆஷ்லி என்ற ஊரில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் என்று பேசிக் கட்டப்பட்ட பிரைட்மார்க் ஆலை 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது.

"பெரிதாகக் கட்டினால் செலவு குறையுமே?" என்று கேட்கலாம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு அப்படித்தான் லாபம் பார்க்கிறது. இங்கே அது பாதிதான் பலிக்கும். பிளாஸ்டிக் சூட்டைக் கடத்துவதில் எஃகைவிட நூறு மடங்குக்கும் மேல் மந்தம். சூடு கலனின் சுவர் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கலனை இரட்டிப்பு அகலமும் உயரமும் ஆக்கினால் உள்ளே இருக்கும் சரக்கு எட்டு மடங்கு, சுவரோ நான்கு மடங்குதான். அதனால் ஒரு பெரிய உலைக்குப் பதில் பல சிறிய உலைகளை வரிசையாக வைக்கிறார்கள். பத்து உலைக்குப் பத்து மடங்கு செலவு. இன்னொரு பக்கம், ஆலை பெரிதானால் குப்பையைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும். அழுத்திக் கட்டாத பைகள் வண்டி நிறைய ஏற்றினாலும் ஒன்றிரண்டு டன்தான் தேறும், வண்டி பெரும்பாலும் காற்றைத்தான் சுமக்கும். நாளுக்கு 20 டன் ஆலை என்றால் நம் கணக்கில் 80 பீப்பாய். சாதாரண சுத்திகரிப்பு ஆலை ஒரு நாளில் லட்சம் பீப்பாய்க்கு மேல் பார்க்கும். ஒரே சந்தையில் இருவரும் விற்க வேண்டும்.

போட்டி எண்ணெயோடு மட்டும் இல்லை. நல்ல, சுத்தமான, ஒரே இனப் பாலிஎத்திலீன் கையில் இருந்தால் அதை எண்ணெயாக்குவது வீண். உருக்கிக் குருணையாக்கி விற்றால் அதிக விலை. புதுப் பாலிஎத்திலீன் டன் விலை பெரும்பாலும் கச்சா எண்ணெயின் டன் விலையைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்கும். எண்ணெயிலிருந்து பிளாஸ்டிக் செய்ய யாரோ செய்த செலவு அந்த வித்தியாசத்தில் இருக்கிறது; திரும்ப எண்ணெயாக்கும்போது அதைத் தூக்கி எறிகிறோம். மட்டமான, கலப்படக் குப்பை கையில் இருந்தால் சிமென்ட் சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக எரிப்பது மலிவு, அதற்கு இத்தனை கழுவலும் வேண்டாம். உருக்க முடியாத அளவுக்குக் கெட்டு, ஆனால் உலைக்கு ஒத்துவரும் அளவுக்குச் சுத்தமாய் இருக்கும் ஒரு நடுப்பட்டைதான் பைரோலிசிஸுக்கு மிஞ்சுகிறது. அது மெல்லிய பட்டை.

அந்தப் பட்டைக்குள் தொழில் உண்டு, மறுக்கவில்லை. தொழிற்சாலைகளில் விழும் பல அடுக்கு உறைத் துண்டுகள் நல்ல உதாரணம்: ஒரே மாதிரியான சரக்கு, அழுக்கில்லை, உருக்கி மறுபடி பயன்படுத்தவும் முடியாது. டீசல் கப்பலில்தான் வரவேண்டும் என்ற தொலைதூரத் தீவுகளில் எண்ணெயின் மதிப்பே வேறு. மறுசுழற்சிப் பங்கு இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று சட்டமோ பெரிய வாங்குநரோ கேட்கும் இடங்களில், இந்த எண்ணெய்க்குக் கச்சா விலைக்கு மேலேயும் கிடைக்கலாம். அப்போது அது எரிபொருளாகப் போகாமல் மறுபடி பிளாஸ்டிக்காகப் போகிறது, கூடவே முன்பு சொன்ன குளோரின் தேர்வையும் பாஸ் செய்ய வேண்டும். இவை எல்லாவற்றையும்விடத் தெளிவான வெற்றி அக்ரிலிக் கண்ணாடி. அதைச் சூடாக்கினால் கண்டபடி உடையாமல், தான் உருவான மூலப்பொருளாகவே 90 சதவீதத்துக்கும் மேல் பிரிந்து வருகிறது. அந்த மூலப்பொருளின் விலை கச்சா எண்ணெயைவிடப் பல மடங்கு. அதனால் அக்ரிலிக் துண்டுகளை இப்படி மீட்பது பல பத்தாண்டுகளாக விளம்பரமே இல்லாமல் நடக்கும் தொழில். அதே உலை, அதே சூடு, வெளியே வரும் பொருளின் விலைதான் வேறு.

உலகத்து எண்ணெய்ப் பஞ்சத்தையே இது தீர்த்துவிடும் என்ற பேச்சுக்கும் ஒரு கணக்கு. உலகில் ஆண்டுக்குச் சேரும் பிளாஸ்டிக் கழிவு சுமார் 35 கோடி டன். ஒரு பை விடாமல் அத்தனையையும் எடுத்து, டன்னுக்கு 4 பீப்பாய் எடுத்தாலும் 140 கோடி பீப்பாய். உலகம் நாளுக்குச் செலவழிப்பது சுமார் 10 கோடி பீப்பாய். இரண்டு வாரத்துக்கு வரும்.

யாராவது உங்களிடம் இப்படி ஒரு ஆலையில் பணம் போடச் சொன்னால், எண்ணெய் எத்தனை சதவீதம் வருகிறது என்று கேட்காதீர்கள். அது உலைக்குள் போனதை வைத்துச் சொல்லும் எண். வாசல் எடைமேடையில் ஏறிய ஒரு டன்னுக்கு எத்தனை லிட்டர் விற்றது என்று கேளுங்கள். குப்பை ஒப்பந்தம் எத்தனை வருடம், கடன் எத்தனை வருடம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசியாக எந்த மாதம் நிறுத்தாமல் ஓடியது, எத்தனை மணி நேரம் என்ற பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெயை வாங்குபவர் எழுத்தில் கொடுத்திருக்கிறாரா, விலை எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் கொல்லைப்புறம் போய் அந்தக் கரிக்கசட்டுக் குவியலைப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் இருந்த சாயம், நிரப்பிகள், உலோகங்கள் எல்லாம் கடைசியில் அதில்தான் போய்ச் சேர்கின்றன. அதை யார், என்ன விலைக்கு எடுத்துப்போகிறார்கள் என்று கேளுங்கள். "விற்கிறோம்" என்று பதில் வந்தால் வாங்கினவரின் ரசீதைப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.